தண்ணீர் ஜெல்லி

சொதியை ஜெல்லியாக உறைய வைத்தவள் தென்காசி வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கு ஆக்கிப்போடுவோமே, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, இஞ்சிச் சாறு விட்டு, அந்தச் சொதி. அதை மிக்சியில் அரைத்து, வடிகட்டி, கிண்ணத்தில் உறையவைத்து, ஸ்பூனால் வெட்டி எடுத்து என் வீட்டுக்காரருக்கு ஊட்டியிருக்கிறேன். பார்க்கச் சகிக்காது. வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டிருக்கும். அவர் அதை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கழித்து விழுங்கிவிட்டு, "இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அந்த நிலைமையிலும் குறை சொல்ல வாய் வருகிறதே என்று.

எங்கள் வீடு இலஞ்சியில். அவருக்கு வேலை குற்றாலத்தில், அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அங்கே லாட்ஜ் மேனேஜர் என்றால் பாதி வேலை ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுதான். "தண்ணி விழுதா அண்ணாச்சி?" மதுரையிலிருந்து கேட்பார்கள், விருதுநகரிலிருந்து கேட்பார்கள், தூத்துக்குடியிலிருந்து கேட்பார்கள். சீசன் ஆரம்பித்துவிட்டால் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கும். ஒரு வாய் சோறு, ஒரு "விழுது விழுது, கிளம்பி வாங்க". சீசன் இல்லாத மாதங்களில் அதே குரல் இறங்கிப்போகும். "இப்ப இல்ல. பாறைதான் தெரியுது. விழுந்ததும் நானே சொல்லுதேன்" என்பார். பாறை தெரிவதற்கு அவர்தான் பொறுப்பு என்பது போல அவ்வளவு வருத்தம் இருக்கும் அந்தக் குரலில்.

தண்ணீர் விஷயத்தில் அவரே ஒரு மாதிரியான ஆள்தான். காப்பி, டீ, சர்பத் எதுவும் வேண்டாம். செம்பில் தண்ணீர் வேண்டும். அண்ணாந்து, வாயில் படாமல், மடக் மடக்கென்று குடிப்பார். தொண்டையில் இறங்குகிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கும். கல்யாணமான புதிதில் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. "மாடு தோத்துப்போகும்" என்று சொல்லிக்காட்டுவேன். அவர் செம்பை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, ஸ்கூட்டரை எடுக்கப் போனவர் சாவியைப் போடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தென்காசிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பக்கவாதம் என்றார்கள். கை திரும்பி வந்தது, கால் பாதி வந்தது, பேச்சும் குழறலாக வந்துவிட்டது. தொண்டை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு விழுங்கக் கற்றுக்கொடுப்பதற்கென்று ஒரு பெண் இருந்தாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். செங்கோட்டைக்கு அப்பால், மலை தாண்டி ஊர். தமிழில் மலையாள வாடை அடிக்கும். அவள் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். அவர் இருமிய இருமலில் கட்டில் ஆடியது. "அம்மா, சோறு பின்னே பாக்கலாம். தண்ணி மட்டும் ஒரு துளி கொடுக்கக்கூடாது, கேட்டோ" என்றாள். நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை ஒரு மூடி அடைத்துக்கொள்ளுமாம். இவருக்கு அந்த மூடி மெதுவாகிவிட்டது. தண்ணீரோ ஓடுகிற சாமான். மூடி மூடுவதற்குள் நுரையீரலுக்குள் போய்விடும். போனால் சளி கட்டும், காய்ச்சல் வரும், ஆளே போய்விடலாம். இதை அவள் அவரை வைத்துக்கொண்டே சொன்னாள். அவர் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். "மூக்கால திங்கதுக்கு நான் என்னட்டி, கோயில் யானையா?" என்று குழறினார். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். குழாயை எடுக்க வேண்டும் என்றால் வாயால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ஓடுகிற பண்டம் ஆகாது, உதிர்கிற பண்டமும் ஆகாது. வழுவழுவென்று ஒரே கட்டியாக இறங்க வேண்டும். வார்டு நர்ஸ் ஒருத்தி, "ஜெல்லி மாதிரி ஏதாவது குடுத்துப் பாருங்களேன்" என்றாள். அங்கே பிடித்தது ஜெல்லிப் பைத்தியம்.

எனக்குத் தெரிந்த ஜெல்லி, ரிசப்ஷன் பந்தியில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஆடிக்கொண்டிருப்பது. முட்டை இல்லை என்று பரிமாறுகிறவன் சொன்னால் போதும், எங்கள் சைவக் கூட்டம் அதற்கு மேல் கேட்காது. சென்னையிலிருக்கும் மகள் ஆன்லைனில் ஒரு பெட்டி ஜெல்லிப் பவுடர் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினாள். அன்றைக்கு அவருடைய அக்கா, என் நாத்தனார், தென்காசியிலிருந்து வந்திருந்தார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் வேறு நிறம் இருந்தது.

"ஏட்டி, இதுல என்னத்தப் போட்டிருக்காக?"

மகளுக்குப் போன் போட்டோம். ஜெலட்டினாம். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற பசையாம். நாத்தனார் பாக்கெட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். மகள் சும்மா இருந்திருக்கலாம். "அத்தை, கேப்சூல் மாத்திரை இருக்குல்லா, அதோட கூடும் முக்காவாசி அதுதான். அப்பா எத்தனை வருஷமா முழுங்கியிருக்காங்க" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவருக்கும் கேட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எப்பவோ கெட்டுப்போயிட்டேன்க்கா" என்றார். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வழக்கை மலையாளத்துப் பெண்தான் முடித்துவைத்தாள். "சைவம் அசைவம் அல்ல அம்மா காரியம். இது வாய்ச் சூட்டுக்கு அலிஞ்சு போகும். கரைஞ்சா திரும்பவும் தண்ணிதானே" என்றாள். பார்வைக்குக் கட்டியாக இருந்து வாய்க்குள் போனதும் தண்ணீராகிவிடுகிற திருட்டுச் சரக்கு. நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குழாயோடுதான் வீட்டுக்கு வந்தோம். வந்த மறுநாளே தென்காசி கடைவீதியில் கடல்பாசி வாங்கினேன். நோன்பு மாதத்தில் குவிந்து கிடக்கும், மற்ற நாளில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உலர்ந்த வெள்ளை நார் மாதிரி இருக்கும். கொதிக்கவைத்தால் கரைந்து, ஆறினதும் ஃப்ரிட்ஜ்கூட வேண்டாமல் தானாக உறையும். வாய்ச் சூட்டுக்கெல்லாம் அசையாது. நாத்தனார் அதையும் விடவில்லை.

"கடல்ல கெடக்கது எப்படிட்டி சைவமாகும்?"

"உப்பு எங்கன இருந்து வருது மதினி?" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கடல்பாசியைப் பற்றிப் பேசவில்லை. இளநீரில் போட்டேன், பாலில் போட்டேன். ரசத்தில் போட்டேன், புளிப்புக்குச் சரியாகப் பிடிக்காமல் கொழகொழவென்று நின்றது. ஆனால் கடல்பாசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாக்கால் அழுத்தினால் வழுக்காது, உடைந்து உதிரும். உதிர்ந்த துணுக்கு ஒன்று தொண்டையில் ஒட்டிக்கொண்டு அன்று முழுக்க அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர், விஷயம் கேள்விப்பட்டு ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். கொய்யாவை வேகவைத்து வடித்த சாற்றில் பசை எதுவும் சேர்க்கவே வேண்டாமாம். பழத்துக்குள்ளேயே பெக்டின் என்று ஒன்று இருக்கிறதாம். ஆனால் அது பிடிக்க வேண்டுமென்றால் சாறு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு சீனி கொட்ட வேண்டும். அவருக்குச் சர்க்கரை. அடுப்பில் வைத்துப் பாதி கிண்டின பிறகுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. இருந்தாலும் இறக்க மனம் வரவில்லை. சிவந்து, மினுமினுவென்று, வீடு முழுக்க மணத்தோடு அருமையாக வந்தது. அவருக்கு முகர மட்டும் கொடுத்தேன். மிச்சத்தை நானே அடுக்களையில் நின்று தின்றேன். யார் மேல் என்று தெரியாத கோபத்தோடு தின்றேன். நுங்கு கேட்டார். உள்ளுக்குள்ளே தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிற பண்டம், மாட்டேன் என்றேன்.

கடைசியில் அந்தப் பெண்ணுக்கே போன் செய்து அழுதேன். "கூவப்பொடி கிட்டுமா அம்மா?" என்றாள். விசாரித்தால், வயிற்றுப்போக்குக்குக் கஞ்சி காய்ச்சுவோமே, அந்த ஆரோரூட் மாவு. கூவைக்கிழங்கை அரைத்துக் காயவைத்தது. செங்கோட்டைக் கடையில் சுத்தமான மாவாகக் கிடைத்தது. தண்ணீரில் கரைத்துக் கிண்டினால் பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரித் தெளியும். கூடுதலாகப் போட்டுக் கிண்டி ஆறவைத்தால் அப்படியே நிற்கும். வாயில் உடனே கரைவதில்லை, உதிர்வதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் நாள் பருப்புத் தண்ணீரில் செய்தேன். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆயுசு முழுக்க அண்ணாந்து குடித்த மனுஷன், குனிந்து குனிந்து விழுங்கினார். கிண்ணம் காலியாகும் வரை ஒரு தடவைகூட இருமவில்லை. என் இடது கை அவர் முதுகிலேயே இருந்தது, இருமினால் தட்ட. அன்று தட்டவே இல்லை.

அப்புறம் சொதி, மோர்க்குழம்பு, சீனி போடாத பாயசம் என்று அடுக்களையில் உறைய வைக்காதது எதுவும் பாக்கி இல்லை. ஆனி முடிவதற்குள் குழாயை எடுத்துவிட்டார்கள். எடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. "இந்த வருஷம் நல்லா விழும்ட்டி" என்றார்.

நன்றாகத்தான் விழுந்தது. சாரல் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்துப்போனது. போன் அடிக்க ஆரம்பித்தது. லாட்ஜில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், ஆனாலும் பழைய வாடிக்கைக்காரர்கள் அவரிடம் கேட்காமல் கிளம்ப மாட்டார்கள். "தண்ணி விழுதா அண்ணாச்சி?" அவர் குழறுவது பாதிப் பேருக்குப் புரியாது. நான் வாங்கி, "விழுதாம், வாங்க" என்று சொல்வேன். ஒருநாள் போனை வைத்ததும் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் விழுது. எனக்கு ஒரு செம்பு தாட்டி."

குழாய் இருந்தவரைக்கும் தண்ணீர் அதன் வழியாக வயிற்றுக்குப் போய்விட்டது. இப்போது அதுவும் இல்லை. அடுக்களைக்குப் போய், தண்ணீரை அளந்து, கூவைமாவைக் கரைத்து, உப்போ சீனியோ எதுவும் போடாமல் கிண்டி, உறையவைத்துக் கொண்டுவந்தேன். தண்ணீர் ஜெல்லி. அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அவர் மெதுவாக மென்று விழுங்கினார்.

"தண்ணியக் கடிச்சுத் திங்க வச்சுட்டியேட்டி" என்றார். பிறகு, "சத்தமே வரலயே" என்றார்.

அதுதான் தினமும் அவருக்குத் தண்ணீர். நாக்கு வறண்டால் ஒரு ஸ்பூன், மாத்திரைக்கு ஒரு ஸ்பூன். தாகம் மட்டும் அடங்கவில்லை. முகம் துடைக்கிற ஈரத்துண்டை வாயில் வைத்து உறிஞ்சப் பார்ப்பார், பிடுங்கிக்கொள்வேன். செம்பை எல்லாம் பரணில் ஏற்றினேன். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாரலில் நனைத்து, உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுப் பார்க்காதவள் போல் போய்விட்டேன். ஜன்னலை அடைத்தால் அவருக்கு என்னதான் இருக்கிறது?

ஆடியில் நாத்தனார் குற்றாலத்தில் குளித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். தலை ஈரம் உலரவில்லை. நான் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மடக். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட சத்தம். ஒரு நொடி, சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி இருமல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. நாத்தனார் கையில் அருவித் தண்ணீர் பாட்டில். "தண்ணி இல்லட்டி, இது மூலிகை. மலையில இருக்க மூலிகையெல்லாம் கலந்து வாரது. ஒரு வாய்தான் குடுத்தேன். எவ்வளவு ஆசையா வாயத் தொறந்தான் தெரியுமா" என்று சொன்னார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். அருவியில் விழுவது தண்ணீர் இல்லை, மருந்து. நானும் நம்பியவள்தான். ஆனாலும் என் வீட்டுக்காரர் முதுகைத் தட்டிக்கொண்டே, "கொன்னுட்டீங்களே மதினி" என்று கத்திவிட்டேன்.

காய்ச்சல் வந்தது. மறுபடி திருநெல்வேலி. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. அந்த ஒரு வாய்த் தண்ணீரால்தான் என்று சொல்ல முடியாது, அவருடைய எச்சிலே தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கும் என்றார் டாக்டர். எச்சிலை எதைப் போட்டு உறையவைப்பேன்? டாக்டர் சொன்னதை நாத்தனாரிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் கத்தினதைத்தான் நம்பினார்.

கொஞ்ச நாளில், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. எங்களில் உயிர் போகுமுன் ஆளுக்கு ஒரு ஸ்பூன் பாலோ தண்ணீரோ வாயில் விட வேண்டும். மூத்தவள் என்று நாத்தனார் கையில்தான் முதலில் டம்ளரைக் கொடுத்தார்கள். அவர் வாங்கி, என்னைப் பார்த்து, அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

"தண்ணி தவிச்சுப் போகப்பிடாது தாயி. ஒரு சொட்டு விடு" என்றார் ஒரு பெரியவர்.

"மூச்சு இருக்குல்லா? இருக்கவரைக்கும் விடமாட்டேன்" என்றேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். தண்ணீர் ஜெல்லியில் ஒரு துளி தொட்டு அவர் உதட்டில் தடவிக்கொண்டே இருந்தேன். காய்ந்த உதடு அதை இழுத்துக்கொண்டது. இடையில் போன் அடித்தது. மகள் எடுத்துப் பேசாமல் அணைத்துவைத்தாள். வெளியே சாரல் ஓட்டில் விழுகிற சத்தம்தான் இருந்தது.

மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது. யாரோ மூக்கில் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் பரணிலிருந்து அவருடைய செம்பை எடுக்கச் சொன்னேன். நாத்தனார் மூலையில் இருந்து எழுந்திருக்கவில்லை. போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

"நீங்க விடுங்க மதினி. இனி ஒண்ணும் செய்யாது."

அவர் அழுதுகொண்டே ஒரு ஸ்பூன் விட்டார். மகள் விட்டாள். பிறகு நான். எனக்கு ஸ்பூன் வேண்டாம் என்று செம்பிலிருந்தே ஊற்றினேன், அவருக்குப் பிடித்தபடி. தண்ணீர் போனது. மடக்கென்ற சத்தம் வரவில்லை. கடைவாயில் வழிந்ததை மகள் துடைத்தாள். என் இடது கை அதுபாட்டுக்கு அவர் முதுகுக்கு அடியில் போயிருந்தது.

நாத்தனார் என் தோளைத் தொட்டார். "கைய எடுட்டி."

"கொஞ்சம் பொறுங்க மதினி," என்றேன். "இருமுவாக."